மே மாத விருந்தாளி அக்டோபருக்குப் போனது ஏன்?

கேள்வி: ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில், காப்பித் தோட்டத்தை ஒட்டி நான்கு அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதியை நானும் என் கணவரும் நடத்துகிறோம். சேலத்தில் ஒரு தம்பியிடம் சொல்லி இணையதளம் செய்தோம். வரும் தேதியையும் எத்தனை இரவு என்பதையும் நிரப்பினால், வாடகையைக் கணக்கிட்டுக் காட்டி முன்பணம் வாங்கிக்கொள்ளும். எங்கள் செல்போனில் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் பெங்களூர்க்காரர் ஒருவர் ஐபோனில் திறந்தபோது, தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘செல்லாத தேதி’ என்று ஆங்கிலத்திலும், வாடகை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மூன்று ஆங்கில எழுத்துகளும் வந்தன. படம் எடுத்து அனுப்பினார். “குரோமில் திறக்கச் சொல்லுங்கள்” என்றார் தம்பி. பெங்களூர்க்காரரும் ஐபோனில் குரோமை இறக்கித் திறந்து பார்த்தார், அதே கதைதான். இன்னொருவர் ஆண்ட்ராய்டு போனில் மே 10-க்குப் பதிவு செய்தாராம். எங்களுக்கு வந்த பதிவில் அக்டோபர் 5 என்றிருந்தது; சீசன் வாடகைகூடப் போடவில்லை. குடும்பத்தோடு 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வந்து வாசலில் நின்றார். அறை காலியில்லை, எங்கள் படுக்கையறையை ஒழித்துக் கொடுத்தோம். அலுவலகக் கணினியிலோ (விண்டோஸ் 7) படங்கள் எழுத்தின் மேல் ஏறிக் கிடக்கின்றன. ஐபோனுக்குத் தனிப் பதிப்பு செய்யத் தம்பி 15,000 ரூபாய் கேட்கிறார். ஒரே தளம் ஆளுக்கு ஒரு விதமாகத் தெரியுமா? பிரவுசர்களுக்குத் தரநிலை உண்டு என்கிறார்களே, அதை யார் பார்க்கிறார்கள்? பணம் கொடுக்கலாமா, ஐயா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்: அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஐபோனுக்கென்று தனிப் பதிப்பு உங்களுக்குத் தேவையே இல்லை. தளத்தின் நிரலை நான் பார்க்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதிய மூன்று சங்கடங்களில் முதல் இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள் என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது. மே 10 அக்டோபர் 5 ஆனதுதான் காட்டிக்கொடுக்கிறது.

மே 10-ஐ நாம் 10-05-2025 என்று எழுதுகிறோம். நாள் முதலில், மாதம் அடுத்து. அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும். அவர்கள் கண்ணுக்கு இது அக்டோபர் 5. உங்கள் விருந்தாளி நாட்காட்டியில் ஒரு நாளைத் தொட்டதும், அது நம் வழக்கப்படி 10-05-2025 என்று பெட்டியில் விழுகிறது. தம்பியின் நிரல் அந்த எழுத்துகளை அப்படியே பிரவுசரிடம் நீட்டி, இது எந்தத் தேதி என்று கேட்கிறது. ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோம் அமெரிக்க முறையில் படித்து, அக்டோபர் 5 என்று தயங்காமல் சொல்லிவிடுகிறது. ஐபோனின் சஃபாரி, இப்படி ஒரு தேதி எனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிடுகிறது. அதுதான் ‘செல்லாத தேதி’. தேதி தெரியாவிட்டால் மாதம் தெரியாது. மாதம் தெரியாவிட்டால் சீசன் வாடகையா, சாதாரண வாடகையா என்பதும் தெரியாது. இல்லாத வாடகையை இரண்டு இரவுகளால் பெருக்கினால் என்ன வரும்? படத்தில் நீங்கள் பார்த்த மூன்று எழுத்துகள், ‘எண் அல்ல’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

என்னைக் கேட்டால் இரண்டில் ஐபோன் செய்ததுதான் மேல். புரியவில்லை என்று சொல்பவரை வைத்து வேலை வாங்கிவிடலாம். தப்பாகப் புரிந்துகொண்டு தலையாட்டுபவர்தான் ஒரு குடும்பத்தை மலையேற்றிவிட்டு வாசலில் நிறுத்துவார்.

இந்த ஊகம் சரிதானா என்பதை நீங்களே சோதிக்கலாம். பதிவேட்டைத் திறந்து 5-ம் தேதிகளைத் தேடுங்கள். மே 1 முதல் 12 வரை இடம் கேட்டவர்கள், ஜனவரி 5, பிப்ரவரி 5 என்று தொடங்கி டிசம்பர் 5 வரை சிதறிக் கிடப்பார்கள். ஜூன் மாதம் கேட்டவர்கள் 6-ம் தேதிகளில் இருப்பார்கள். மே 5, ஜூன் 6 போன்ற நாட்கள் மட்டும் தப்பித்திருக்கும். எப்படித் திருப்பிப் படித்தாலும் 05-05 அதேதான். மே 13-லிருந்து 31 வரை கேட்டவர்களுக்கு ஆண்ட்ராய்டு போனிலும் ‘செல்லாத தேதி’தான் வந்திருக்கும், ஏனென்றால் 13-வது மாதம் என்று ஒன்று கிடையாது. அவர்களில் சிலர் உங்களைப் போனில் அழைத்திருப்பார்கள். மற்றவர்கள் வேறு விடுதியைப் பார்த்துப் போயிருப்பார்கள். ஒப்படைக்கும் முன் தம்பி 01-01 என்று போட்டுச் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று மூடி வைத்தாரோ என்னவோ.

இனி, ஒரே தளம் ஆளுக்கு ஒரு விதமாகத் தெரிவது எப்படி என்ற கேள்வி. அச்சடித்த நோட்டீஸ் போல உங்கள் தளம் முழுப் பக்கமாக யாருக்கும் போய்ச் சேருவதில்லை. போவது வெறும் எழுத்தில் உள்ள குறிப்புகள்: இது தலைப்பு, இது படம், இதன் அகலம் இவ்வளவு, இந்தப் பொத்தானை அழுத்தினால் இந்தக் கணக்கைப் போடு. படித்துப் பார்த்துப் பக்கத்தை வரைவது, பார்ப்பவரின் கருவியில் இருக்கும் பிரவுசர். பெயர்கள் எத்தனையோ இருந்தாலும், உள்ளே வரைகிற இயந்திரங்கள் இன்று பெரும்பாலும் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓபரா, சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றிலும் இருப்பது பிளிங்க். சஃபாரியில் வெப்கிட். ஃபயர்பாக்ஸில் கெக்கோ.

ஐபோனில் குரோமை இறக்கியும் பயனில்லாமல் போனதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஐபோனில் எந்த நிறுவனத்தின் பிரவுசராக இருந்தாலும் உள்ளே வெப்கிட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. 2024 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலும், 2025 டிசம்பரிலிருந்து ஜப்பானிலும், அங்குள்ள சட்டங்களுக்காக, அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். பெங்களூர்க்காரர் இறக்கியது குரோமின் சட்டையைப் போட்ட சஃபாரியைத்தான். இது தெரிந்திருந்தால் தம்பி அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்று இயந்திரங்களும் ஒரே குறிப்பை ஒரே மாதிரி படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தரநிலை. காப்பித் தோட்டத்தை ஒட்டி இருக்கும் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. ‘பிளான்டேஷன் ஏ’ என்று சொன்னால், எந்தச் சல்லடையில் நிற்கும் கொட்டை என்று கடல் கடந்து இருக்கும் வியாபாரிக்கும் தெரிகிறது. அவர் தோட்டத்துக் களத்துக்கு வந்து பார்க்க வேண்டியதில்லை. வலைப்பக்கத்தில் ‘தலைப்பு’, ‘ஓரம்’, ‘தேதி’ என்று எழுதினால் பிரவுசர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே போல எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதுவும் ஆயிரக்கணக்கான பக்கங்களில்.

எழுதி வைப்பவர்கள் ஓர் அரசு அலுவலகம் அல்ல. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994-ல் தொடங்கிய டபிள்யூ3சி என்ற அமைப்பு ஒன்று. அதன் போக்குப் பிடிக்காமல் ஆப்பிளும் ஃபயர்பாக்ஸ் செய்யும் மொசில்லாவும் ஓபராவும் சேர்ந்து 2004-ல் ஆரம்பித்த வாட்டபிள்யூஜி இன்னொன்று. இருவரும் பல ஆண்டுகள் முறுக்கிக்கொண்டு நின்று, 2019-ல் சமாதானமாகி, பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியை இரண்டாமவர் பொறுப்பில் விட்டார்கள். கணக்குப் போடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி எக்மா என்ற அமைப்பிடம் இருக்கிறது. தரநிலையை மீறினால் அபராதம் போட இவர்களில் யாருக்கும் அதிகாரம் இல்லை. பிரவுசர் செய்யும் நிறுவனங்களின் ஆட்களே அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒப்புக்கொள்கிறார்கள், பிறகு தங்கள் வசதிப்படி வேகமாகவோ மெதுவாகவோ செய்து முடிக்கிறார்கள். 2022-லிருந்து ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா உள்ளிட்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சில அம்சங்களை எடுத்துக்கொண்டு, எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரி ஆக்குவது என்று கூட்டாக உழைக்கிறார்கள். யாருடைய பிரவுசர் எவ்வளவு தேறியது என்ற மதிப்பெண்ணும் வெளியிடுகிறார்கள். இந்த வெட்கம்தான் அங்கே சட்டம்.

உங்கள் தேதிச் சிக்கலுக்குத் தரநிலையில் விடை இருக்கிறதா? இருக்கிறது. 2009-ல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் ஐந்தாம் பதிப்பிலேயே, ஆண்டு-மாதம்-நாள் என்று 2025-05-10 போல எழுதினால் எல்லாப் பிரவுசரும் அதை ஒரே மாதிரி படிக்க வேண்டும் என்று வகுத்துவிட்டார்கள். நாம் எழுதும் 10-05-2025 அந்தத் தரநிலைக்குள் வராது. அதை என்ன செய்வது என்பது அந்தந்தப் பிரவுசரின் இஷ்டம். பிரவுசர்கள் மோதிக்கொள்வது பெரும்பாலும் இப்படித் தரநிலை வாய்மூடி இருக்கும் இடங்களில்தான். ஊகிக்கும்போது அமெரிக்க வழக்கம் முந்திக்கொள்வதற்கும் காரணம் உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை, கலிஃபோர்னியாவிலிருந்த நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் 10 நாட்களில் எழுதி முடித்தார். தேதிக் கணக்கை ஜாவா மொழியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டார்கள். அந்த அவசரத்தின் வாடை இன்றும் போகவில்லை.

ஏன் திருத்தக் கூடாது என்று கேட்பீர்கள். திருத்தினால், பழைய ஊகத்தை நம்பி எழுதிய பக்கங்கள் உடையும். இந்த உலகத்தில் அதைப் பெரிய பாவமாக நினைக்கிறார்கள். 2018-ல் ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக ஒரு கட்டளை சேர்க்க முயன்றார்கள். அதே பெயரை மூடூல்ஸ் என்ற பழைய நிரல் தொகுப்பு ஏற்கெனவே வைத்திருந்தது. அதை நம்பியிருந்த பழைய தளங்கள் உடைந்தன. கடைசியில் புதுக் கட்டளையின் பெயரைத்தான் மாற்றினார்கள். இந்தப் பிடிவாதத்தால் ஒரு நன்மையும் இருக்கிறது: டிம் பெர்னர்ஸ்-லீ 1990-களின் தொடக்கத்தில் எழுதிய பக்கம் இன்றைக்கும் உங்கள் செல்போனில் ஒரு பிசிறும் இல்லாமல் திறக்கும்.

“எல்லாரும் குரோம்தானே” என்று தம்பி சொல்லியிருப்பார். உலகில் பாதிக்கும் மேற்பட்டோர் குரோம் பயன்படுத்துவது உண்மைதான். இதே வாதத்தை இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் தொழிலில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காகச் சொன்னார்கள். அதன் 6-ம் பதிப்பு 2001-ல் வந்தது. போட்டி ஒழிந்துவிட்டது என்ற தெம்பில் மைக்ரோசாஃப்ட் அடுத்த பதிப்பை 2006 வரை வெளியிடவில்லை. அதற்குள் அலுவலக மென்பொருட்களும் வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் அந்த ஒரு பிரவுசரின் கோணல்களுக்கு ஏற்ப எழுதப்பட்டுவிட்டன. டிஜிட்டல் கையெழுத்துப் போடுவதற்கென்றே மூலையில் ஒரு பழைய கணினியைத் தட்டிக்கொட்டி வைத்திருந்த தணிக்கையாளர் அலுவலகங்களைச் சேலத்தில் நானே பார்த்திருக்கிறேன். 2022 ஜூன் 15-ல் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தது. அதை மட்டும் நம்பியவர்களுக்காக எட்ஜ் பிரவுசருக்குள் எக்ஸ்புளோரர் போலவே நடந்துகொள்ளும் ஒரு வழியையும் வைக்க வேண்டியதாயிற்று.

தமிழ் படிப்பவர்களுக்கு இந்த அவதி கூடுதலாகவே பழக்கம். 1990-களின் கடைசியில் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் தங்களுக்கென்று தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. அதை இறக்கி வைக்காதவர்களுக்குப் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வித்தை வந்தபோதும், நெட்ஸ்கேப்புக்கு ஒரு கோப்பு, எக்ஸ்புளோரருக்கு வேறு கோப்பு. சென்னையில் 1999-ல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகளை) அரசு ஏற்றது, அவையும் நிலைக்கவில்லை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் என்ற குறியேற்றத்தில் ‘அ’ என்ற எழுத்துக்கு 2949 என்ற எண் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகுதான், ஏற்காட்டில் தட்டச்சு செய்தது சிங்கப்பூரிலும் தமிழாகவே தெரிகிறது. தரநிலை என்பது பொறியாளர்கள் பேசிக்கொள்ளும் நுணுக்கம் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் குப்பைப் பக்கங்கள்தான் நினைவுக்கு வரும்.

விண்டோஸ் 7 கணினி விஷயத்தில் நான் பாதி தம்பியின் பக்கம். குரோம் அந்தக் கணினிகளைக் கைவிட்டது 2023-ன் தொடக்கத்தில். அங்கே ஓடும் கடைசிப் பதிப்பு 109. பக்கத்தின் அழகை எழுதும் முறையில் 2023-ல்தான் எல்லாப் பிரவுசருக்கும் வந்து சேர்ந்த புது வசதிகள் சில உண்டு. தனக்குப் புரியாத அழகுக் குறிப்பைப் பிரவுசர் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். படத்தை ஒதுக்கி வைக்கச் சொன்ன வரியைத் தாண்டியிருந்தால், படம் எழுத்தின் மேல்தான் உட்காரும். விருந்தாளிகளில் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் அரிது; அவர்களுக்காகத் தளத்தை மாற்றி எழுதச் சொல்வது நியாயமில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராத அந்தக் கணினியில் முன்பணக் கணக்கும் விருந்தாளிகளின் ஆதார் நகலும் வைத்திருக்கிறீர்களானால், தளத்தை விட்டுவிட்டு முதலில் கணினியை மாற்றுங்கள். தம்பியிடம் ஒன்று மட்டும் கேட்கலாம். புது வசதிகள் எல்லா முக்கியப் பிரவுசருக்கும் வந்து 30 மாதங்கள் ஆனால், ‘பரவலாகக் கிடைப்பது’ என்று முத்திரை குத்தும் பேஸ்லைன் என்ற பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒரு தங்கும் விடுதியின் தளத்துக்கு அந்த முத்திரை பெற்றவையே போதும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: இனிமேல் வரவேண்டிய ஒவ்வொரு பதிவுக்காரரையும் போனில் அழைத்து, மாதத்தின் பெயரைச் சொல்லி உறுதி செய்யுங்கள். திருத்தம் முடியும் வரை பதிவுப் படிவத்தை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் உங்கள் போன் எண்ணைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். பிறகு கீழே உள்ளதை அப்படியே தம்பிக்கு அனுப்புங்கள். விவரம் தெரிந்தவருக்கு அரை நாள் வேலை. தளம் செய்த கூலிக்குள் அடங்க வேண்டிய வேலையும்கூட.

“தம்பி, தேதியை எழுத்தாகக் கொடுத்துப் பிரவுசரை ஊகிக்க விட வேண்டாம். பிரவுசரின் சொந்தத் தேதிப் பெட்டியையே வையுங்கள். அது விருந்தாளிக்கு எப்படிக் காட்டினாலும், உள்ளே எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்றுதான் கொடுக்கும். பதிவேட்டிலும் அதே வடிவில் சேமியுங்கள். விருந்தாளிக்குப் போகும் உறுதிச் செய்தியில் மாதத்தை எண்ணில் போடாமல் மே, ஜூன் என்று பெயரில் எழுதுங்கள். தேதி புரியாவிட்டால் வாடகையைக் காட்டாமல் எங்கள் போன் எண்ணைக் காட்ட வேண்டும். பழைய பதிவுகளில் நாளும் மாதமும் இடம் மாறியவற்றைத் தனியாக எடுத்துக் கொடுங்கள். ஓர் ஆண்ட்ராய்டு போன், ஓர் ஐபோன், கணினியில் ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் மே 10, மே 25 இரண்டு தேதிகளையும் போட்டு எங்கள் முன்னால் காட்டுங்கள்.”

ஐபோன் இல்லையே என்று அவர் சொன்னால், விடுதியில் தங்கியிருக்கும் யாரிடமாவது ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிடலாம். அவருக்குத் தர வேண்டிய மீதி ஏதாவது இருந்தால், அந்த இரண்டு தேதிகளும் மூன்று கருவிகளிலும் சரியாக விழுந்த பிறகு கொடுங்கள்.